மதகுக்கு யார் பொறுப்பு?

வளங்குன்றா வளர்ச்சிக்கு வியூகம் வகுப்பதைப் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பாகக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கலாமா என்ற விஷயத்தில் திருச்சிராப்பள்ளியில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இரண்டுடனும் எனக்குச் சண்டை உண்டு. கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு தீவில் குடியிருந்துகொண்டு, குழாயைத் திறந்தால் அந்த ஆற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டு, இதைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதல் கட்சி ஸ்ரீரங்கத்துத் திண்ணைக் கட்சி. திண்ணைகள் பெரும்பாலும் போய்விட்டன, கட்சி போகவில்லை. உத்தர வீதியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "என்ன ஸ்வாமி, வியூகமாவது, திட்டமாவது! கரிகாலன் எந்தக் காலேஜில் எம்.பி.ஏ. படித்தான்? கல்லணை நிற்கவில்லையா? நம் பெரியவர்களுக்குத் தெரியாததையா இந்தப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்பார். சுற்றி இருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். அதோடு விவாதம் முடிந்துவிடும். காபி வரும்.

இந்தப் பேச்சில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், இது பெரியவர்களைப் புகழ்வது போல் அவர்களுடைய உழைப்பை மறைக்கிறது என்பதுதான். கல்லணை தானாக நிற்கவில்லை. மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை புதையப் புதைய மேலும் கற்களைப் போட்டு, இனிப் புதையாது என்கிற நிலை வரும் வரையில் காத்திருந்து கட்டிய அணை அது. கட்டிய பிறகும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1804-ல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் (ஒப்பிலக்கணம் எழுதிய பாதிரியார் அல்ல, இவர் வேறு) காவிரியை ஆராய்ந்து அணையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார். கால் நூற்றாண்டு கழித்து ஆர்தர் காட்டன் வந்து, தேங்கிய வண்டலை வெளியே தள்ள அடி மதகுகள் வைத்தார். நடுவிலுள்ள நூற்றாண்டுகளில் கல் எடுத்துப் போட்டவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் கரிகாலன் பெயரும் கிடைத்திருக்காது.

காட்டன் இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்தவர். ஆனால் ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையை அவர் கற்றது கல்லணையிலிருந்துதான். பிறகு கோதாவரியில் தவுலேஸ்வரத்தில் அவர் அணை கட்டியபோது இந்தப் பாடம் அவருக்குப் பயன்பட்டது. மேல்படிப்பு என்றால் இதைத்தான் நான் மேல்படிப்பு என்பேன். என் உத்தர வீதி நண்பர் கரிகாலனைப் பற்றிப் பெருமைப்படுகிறார். அந்தச் சீமைக்காரர் கரிகாலனிடம் பாடம் கேட்டார். இரண்டுக்கும் எவ்வளவோ தூரம்.

முக்கொம்புக் கதை இன்னும் ரஸமானது. காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுவதால், தண்ணீர் அந்தப் பக்கமே பாயத் தொடங்கிற்று. காவிரியின் வாய் மேடிட்டுக்கொண்டே வந்தது. இப்படியே போனால் தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துவிடும் என்று கண்டு, 1836-லிருந்து 1838-க்குள் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் என்ன நடந்தது? இப்போது காவிரி அளவுக்கு மேல் தண்ணீரை இழுக்க ஆரம்பித்தது; அதன் படுகை அரிக்க ஆரம்பித்தது. சில ஆண்டுகளுக்குள் காவிரியின் தலையிலும் குறுக்கே ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று. ஒரு சிக்கலைத் தீர்க்கப் போனால் அந்தத் தீர்வு இன்னொரு சிக்கலைப் பெற்றுப் போடும். அது பிறக்கும் முன்பே பார்க்கத் தெரிய வேண்டும். வியூகத் திட்டம் என்ற பெரிய பெயருக்குள் இருக்கிற சரக்கு இவ்வளவுதான். இதைச் சும்மா பிறந்து வளர்ந்ததாலேயே ஒருவன் தெரிந்துகொண்டுவிட முடியாது. கற்க வேண்டும். ஆகையால் திண்ணைக் கட்சியை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் காபி ஆறிப் போகிறது.

இரண்டாவது கட்சிதான் பலமானது. அவர்கள் கையில் கல்லூரி இருக்கிறது.

நம் ஊர் படிப்புக்குப் பஞ்சமான ஊர் அல்ல. 1964-ல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1982-ல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. 1984-ல் அதன் மேலாண்மை நிறுவனம். 2011-ல் இந்திய மேலாண்மைக் கழகமே இங்கே வந்து இறங்கிவிட்டது. இவை போக ஏராளமான தனியார் கல்லூரிகள். அப்படி ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், மேல்வகுப்பு மாணவர்கள் தங்கள் திட்டங்களை எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சிக்கு என்னை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். குளிரூட்டிய அறை. திரையில் ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் வகுத்த 17 இலக்குகளும் 17 நிறங்களில் மின்னின. அந்த இலக்குகளுக்குள்ளே 169 உட்குறிகள் உண்டு. அவற்றையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள். பிரேசிலில் ஒரு நகரம் பஸ் விட்டதைப் பற்றி ஒரு கோஷ்டி பேசிற்று. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். "முக்கொம்பில் 2018-ல் மதகுகள் போயினவே, அவற்றைப் பராமரிக்க யார் பொறுப்பாக இருந்தார்கள், எத்தனை ஆள், என்ன செலவு என்று யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டேன். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி எழுந்து, "ஸார், அது பொதுப்பணித் துறை விஷயம். எங்கள் ஸிலபஸில் ஸ்ட்ராட்டஜிதான் இருக்கிறது" என்றாள்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவள் சொன்ன வாக்கியத்தை எடுத்துக்கொண்டுதான் நான் சண்டைக்கு வருகிறேன்.

2018-ல் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல வருஷத்துக்குப் பிறகு மேட்டூர் நிரம்பி வழிந்தது. கொள்ளிடத்தில் கரை புரண்டு வெள்ளம் போயிற்று. ஆகஸ்டில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. புதுப் பாலம் 2016-ல் வந்துவிட்டதால் அதில் போக்குவரத்து இல்லை, உயிர் தப்பினோம். சில நாள் கழித்து, ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, வெள்ளம் குறையத் தொடங்கியிருந்த வேளையில், மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஏறக்குறைய 180 வருஷம் நின்ற அணை. பகலும் இரவுமாக மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டு அடைத்தார்கள். பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிப் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

புதிதாகக் கட்டுவதற்குத் திட்டம் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. பழைய மதகின் திருகுக்கு எண்ணெய் போடுவதற்குக் கல்வெட்டு கிடையாது. அதைப் போடுகிற லஸ்கர் ஓய்வு பெற்றால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்தானா என்று கேட்பாரும் இல்லை. இந்த மேல்படிப்பு அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுத் தர வேண்டாமா? 'வளம் குன்றாமல்' என்று பெயரிலேயே வைத்திருக்கிறீர்களே, குன்றாமல் பார்த்துக்கொள்வது யார் வேலை என்பது மட்டும் ஏன் ஸிலபஸுக்கு வெளியே நிற்கிறது?

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. வேலை அங்கே இருக்கிறது. செபி என்ற பங்குச் சந்தை வாரியம், சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள கம்பெனிகள் வருஷா வருஷம் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த உத்தரவு நல்லதுதான். ஆனால் அறிக்கை என்றால் எழுத ஆள் வேண்டுமே! ஆகவே நம் கல்லூரிகள் ஆள் தயாரிக்கின்றன. பிள்ளைகள் பெங்களூருக்கும் குருகிராமுக்கும் போய், எத்தனை லிட்டர் தண்ணீரை எந்தக் கம்பெனி மிச்சம் பிடித்தது என்று கட்டங்களில் நிரப்புகிறார்கள். அந்தக் காலத்தில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா செய்த உத்தியோகம், கோட்டு மட்டும் புதுசு. பிழைப்பைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அதற்கு இரண்டு வருஷமும் பல லட்சமும் செலவழித்துவிட்டு, 'உலகைக் காக்கும் தலைவர்கள்' என்று அழைப்பிதழில் அச்சடிப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தானா என்றால், இல்லை. ஸ்வீடன் தேசத்தில் கார்ல்ஸ்க்ரோனா என்று ஒரு துறைமுகப் பட்டணம். நம் ஸ்ரீரங்கம் போலவே தீவின் மேல் உள்ள ஊர். 1680-ல் கடற்படைக்காக உண்டாக்கியது. அங்கேயுள்ள பிளெக்கிங்கே தொழில்நுட்பக் கழகத்தில் இந்த விஷயத்துக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பை 2004-ல் தொடங்கினார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற யோசனை கார்ல்-ஹென்றிக் ரொபேர் என்ற புற்றுநோய் வைத்தியருடையது. உயிரணுக்கள் வாழ என்ன வேண்டும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டையே இல்லையே, ஊர் வாழ என்ன வேண்டும் என்பதிலும் அப்படி ஓர் இணக்கம் காண முடியாதா என்று அவர் யோசித்தார். 1989-ல் அதற்காக ஓர் இயக்கம் கண்டார். நாலு நிபந்தனைகள் சொன்னார்கள். பூமிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது வெளியே பெருகிக்கொண்டே போகக் கூடாது. மனிதன் தயாரித்த ரசாயனங்களும் அப்படிப் பெருகக் கூடாது. இயற்கையை அது தன்னைச் சீர்செய்துகொள்வதைவிட வேகமாகச் சிதைக்கக் கூடாது. மனிதர்கள் தங்கள் தேவையைப் பூர்த்தி செய்துகொள்ளத் தடை ஏற்படக் கூடாது. இந்த நாலும் பொருந்தியிருக்கிற ஊரை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள். அங்கே நின்று திரும்பிப் பார்த்து, இன்றைக்கு என்ன அடி எடுத்து வைக்க வேண்டும் என்று கேள். இதுதான் அவர்கள் சொல்லித் தரும் முறை.

இதைக் கொள்ளிடத்து மணலுக்குப் பொருத்திப் பாருங்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து மேலேயிருந்து வர வேண்டிய மணலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆக, கொள்ளிடத்தில் கிடக்கிற மணல் பாட்டன் வைத்துவிட்டுப் போன முதல். அதற்கு வட்டி வருவது அபூர்வம். அந்த மணல்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. திருச்சிக்கும் இங்கிருந்து ராமநாதபுரம் வரை போகும் குடிநீர்த் திட்டத்துக்கும் ஆற்றுப் படுகைதான் ஆதாரம். அதை லாரி லாரியாக அள்ளினால் படுகை இறங்கும். படுகை இறங்கினால் பாலத்தின் தூணுக்கும் அணையின் அடிக்கும் பிடிப்பு போகும். நூறு வழக்குகளில் வக்கீல்கள் வாதாடுவதை அந்த வைத்தியரின் மூன்றாவது நிபந்தனை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. 2050-ல் கொள்ளிடத்தில் எவ்வளவு மணல் இருக்க வேண்டும் என்று நம் மாணவர்கள் முதலில் முடிவு செய்யட்டும். பிறகு பின்னால் வரட்டும். இந்த வருஷம் எத்தனை லாரி போகலாம் என்ற விடை வரும். அநேகமாக ஒன்றுகூடப் போகக் கூடாது என்று வரும். அந்த விடையை எழுதிக் கையெழுத்துப் போடத் தைரியமுள்ளவனுக்குப் பட்டம் கொடுங்கள். நானும் வந்து கை தட்டுகிறேன்.

ஆனால் ஸ்வீடன் முறையும் தனியாகப் போதாது. முடிவை மனத்தில் நிறுத்துவது தியானம். அதற்குப் பிறகு கணக்குப் புஸ்தகம் வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்றால், நம் ஊரிலேயே கிடைக்கும்.

கல்மந்தை என்ற குடிசைப் பகுதி திருச்சியில் இருக்கிறது. 2002-ல், திறந்த வெளியில் மலம் கழிக்கும் வழக்கத்தையே ஒழித்துவிட்ட பகுதி என்று அது அறிவிக்கப்பட்டது. நகரக் குடிசைப் பகுதிகளில் இந்தியாவிலேயே அதுதான் முதல் என்பார்கள். அங்கேயும் நகரின் வேறு பல பேட்டைகளிலும் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழு சேர்ந்து நடத்தினார்கள். கட்டிடம் கட்டுவது அதில் சுலபமான பகுதி. பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். வருகிறவர்களிடம் சில்லறை வாங்கி, நோட்டில் எழுதி, பெருக்குகிற ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, குழாய் உடைந்தால் அந்தக் காசிலேயே மாற்றினார்கள். வாசலில் முறை வைத்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் எந்த மேல்படிப்பும் படித்தவள் அல்ல. ஆனால் இந்த மாதம் வரவு என்ன, அடுத்த மாதம் எந்தச் செலவு வரும், தனக்கு உடம்புக்கு வந்தால் யார் உட்காருவார்கள் என்ற மூன்றுக்கும் அவளிடம் பதில் உண்டு. மேலணைக்கு அந்த மூன்று பதிலும் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

ஸ்ரீரங்கம் கோயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிர்வாகத்தை மட்டும் பாருங்கள். கோயிலொழுகு என்ற பழைய நூல், இன்ன கைங்கரியத்துக்கு இன்ன கொத்து என்று வேலையைப் பிரித்துச் சொல்கிறது. உடையவர் அந்த ஏற்பாட்டைச் சீர்படுத்திப் பத்துக் கொத்தாக்கினார் என்று அதில் இருக்கிறது. யார் எதற்குப் பொறுப்பு என்பதை எழுதி வைத்த புஸ்தகம். நம் மாணவர்கள் ஹார்வர்டு புஸ்தகத்துக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் படித்தால் குறைந்துவிட மாட்டார்கள். ராஜகோபுரம் ஏறக்குறைய 400 வருஷம் அடித்தளத்தோடு நின்று 1987-ல்தான் 236 அடிக்கு எழும்பியது. வளங்குன்றா வளர்ச்சி என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை வந்ததும் அதே 1987-ல்தான். எனக்கு அந்த ஒற்றுமை பிடித்திருக்கிறது, அதில் வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. 2017-ல் யுனெஸ்கோ இந்தக் கோயிலின் திருப்பணிக்குப் பரிசு கொடுத்தபோது எதைப் பாராட்டிற்று தெரியுமா? உயரத்தை அல்ல. மறைந்துபோயிருந்த பழைய மழைநீர் வடிகாலைக் கண்டுபிடித்து மறுபடி ஓட வைத்ததையும் சேர்த்துத்தான் பாராட்டிற்று.

இதெல்லாம் கல்லூரி வாசலிலிருந்து அரை மணிப் பயணத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பிரேசில் போகிறார்கள்.

எனக்கு அதிகாரம் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். படிப்பில் சேர்ந்த அன்றே ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பொருளை ஒப்படைப்பேன். ஒருவனுக்கு மேலணையில் ஒரு மதகு. ஒருத்திக்கு உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஒரு மைல். பேட்டைவாய்த்தலையில் புறப்பட்டு வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகும் அந்த வாய்க்காலுக்கு ஆயிரம் வயது; ஊருக்குள் அதன் கரையில் உலாவ நடைபாதை போட்டிருக்கிறோம், சாக்கடையையும் அதிலேயே விடுகிறோம். இன்னொருவனுக்கு அரியமங்கலத்துக் குப்பைமேடு. இரண்டு வருஷமும் அதுதான் அவனுக்குப் பாடம். அதன் பழைய கணக்கைத் தேடிப் படிக்க வேண்டும். திட்டம் நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஆள், மாதம், பணம் மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆள் மாற்றலாகிப் போனால் யார் என்பதும் இருக்க வேண்டும். அதைத் தமிழில் எழுதி, லஸ்கருக்கும் பாசனக்காரர்களுக்கும் எதிரில் படித்துக் காட்ட வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அவர்கள் கையில்.

தமிழில் எழுத முடியுமா என்று பேராசிரியர்கள் தயங்குவார்கள். 'ஸ்ட்ராட்டஜி'க்கு ஒருவர் உத்தி என்கிறார், ஒருவர் வியூகம் என்கிறார், இலங்கையில் மூலோபாயம் என்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். மதகுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புரியாத திட்டத்தை யார் நிறைவேற்றப் போகிறார்கள்?

இன்னொரு விதியும் உண்டு. அடுத்த வருஷம் வருகிற மாணவன் புதுத் திட்டம் எழுதக் கூடாது. முன்னவனுடைய நாலு பக்கத்தை வாங்கிக்கொண்டு, அதில் எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று முதலில் எழுத வேண்டும். இருபது வருஷத்தில் மேலணையின் ஒவ்வொரு மதகுக்கும் ஒரு ஜாதகம் சேர்ந்துவிடும்.

இப்படிப் படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பது கடைசி ஆட்சேபம். நியாயமான கேள்வி, பெற்றோர்கள் கேட்கத்தான் வேண்டும். நீர்வளத் துறையிலும், மாநகராட்சியிலும், ஒவ்வொரு பெரிய கோயிலிலும் பராமரிப்புக்கென்று ஓர் உத்தியோகத்தை அரசாங்கம் உண்டாக்க வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். 387 கோடி ரூபாயில் எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் சம்பளம் கொடுக்கலாம் என்று அந்தக் கெட்டிக்காரப் பெண்ணிடம் கேளுங்கள். ஐந்து நிமிஷத்தில் போட்டுக் கொடுப்பாள். அவளுடைய வகுப்பை ஒரு நாளைக்கு மேலணையில் வைக்கும்படி அந்தக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முக்கொம்புக்கு பஸ் போகிறது.